சலோமி பெயருக்கு வந்த பார்சல்

செப்டம்பர் 3

சேலம் போய் வந்தோம். டாக்டர் இளவயசு, தன்மையான ஆள். நரம்பு நோய் என்றார். பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. முதலில் கை, பிறகு கால், பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாதா என்று கேட்டேன். "இருக்கு சார். ஆனா நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும்" என்றார்.

நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சலோமிதான் பேசினாள்.

"கால் எப்ப போகும் டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. சிலருக்கு வருஷக்கணக்கு. சிலருக்கு மாசக்கணக்குதான்."

"எனக்கு இடது கால் முக்கியம். கிளட்ச் அழுத்தணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள். "வண்டிய ரெடி பண்ணிடலாங்க. கை காலு போறதுக்குள்ள ஒரு தடவ நானே ஓட்டணும். மலை உச்சில லேடீஸ் சீட் பாறை வரைக்கும் போயிட்டு வந்தா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

வளைவில் பஸ் திரும்பியபோது என் தோளில் சாய்ந்தாள். எப்போதும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள்.

செப்டம்பர் 5

இந்த வண்டியைப் போல என் வாழ்க்கையில் தொல்லை கொடுத்தது வேறு எதுவும் இல்லை. எம்.ஜி. கார். இங்கிலாந்தில் செய்தது, எனக்கு முன்னால் பிறந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு பை வைக்க இடமில்லை. மழைக்குக் கூரை என்று ஒரு துணி. சலோமி பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தபோது ஏதோ எஸ்டேட் கொட்டகையில் இதைக் கண்டுபிடித்தாள். உள்ளே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழியை விரட்டிவிட்டு வண்டியை வாங்கி வந்தாள். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலை மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே அதை ஓட வைத்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. போஸ்ட்மாஸ்டர் பெண்டாட்டி காருக்கு அடியில் படுத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு.

நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. வலது பக்கம் அவள், இடது பக்கம் நான். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

இரண்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. பிரேக் பிடிப்பதில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டர்களின் ரப்பர் வயசாகி ஊறிப்போய்விட்டதாம். இங்கே கிடைக்கும் ரப்பர் அளவு ஒத்துவராது. இன்று இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டாள். போனில் ஒவ்வொரு எழுத்தையும் நடுவிரலால் தட்டினாள். ஆள்காட்டி விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

செப்டம்பர் 14

அவள் ஸ்டூலில், நான் தரையில். சக்கரங்களைக் கழற்றினோம். அதாவது நான் கழற்றினேன், அவள் திட்டினாள்.

"அந்த ஸ்பேனர் இல்லீங்க. அது நம்ம ஊரு ஸ்பேனர். இங்கிலீஷ் ஸ்பேனர் அந்தச் சிவப்பு டப்பால இருக்கு."

"ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது."

"போஸ்ட்கார்டும் இன்லண்டும் ஒண்ணாத்தான இருக்கும் எனக்கு. நீங்க ஒத்துப்பீங்களா?"

நட்டின் முனையை நசுக்கிவிட்டேன். அதற்கு ஒரு பாட்டு. முழங்கால் வலி வேறு. ஆனால் அவள் முகத்தில் டாக்டர் சொன்னது எதுவும் இல்லை. பழைய பள்ளிக்கூடத்து டீச்சர் முகம்.

செப்டம்பர் 27

மகள் பியூலா புனேயிலிருந்து பேசினாள். அம்மாவுக்குக் கேட்காமல் வெளியே வரச் சொன்னாள்.

"அப்பா, தயவுசெஞ்சு அம்மாவ ஓட்ட விட்றாதீங்க. கைல பலமே இல்லாம அந்த வளைவுல... எனக்கு நெனச்சாலே ஒதறுது. எதாச்சும் சொல்லித் தள்ளிப் போடுங்கப்பா."

பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 4

தபால் நிலையம் போய் விசாரித்தேன். பார்சல் வரவில்லை. தபால்காரன் குப்புராஜ் என்னைக் கண்டதும் இன்னும் எழுந்து நிற்கிறான். அவனுக்கு நான் ஒருமுறை மெமோ கொடுத்திருக்கிறேன். யாருக்கோ வந்த வாழ்த்து அட்டையை, மழை என்று சொல்லி மறுநாள் கொடுத்தான். அடுத்தவர் பெயருக்கு வந்ததை ஒரு நாள் கையில் வைத்திருந்தாலும் அது திருட்டுதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பாவம், அழுதுவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் ஒரு தபால் தேங்கியதில்லை.

அக்டோபர் 12

காலையிலிருந்து மழை. சலோமி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். குப்புராஜ் வந்து போனான். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தேன். அரிசி நிறைய இருக்கிறது. சமையல் இப்போது நான்தான் என்பதால் அந்தப் பக்கம் அவள் வருவதில்லை.

எழுந்ததும், "தபால் எதாச்சும் வந்துச்சா?" என்றாள். சபைப் பத்திரிகை வந்தது என்றேன். அதுவும் வந்திருந்தது.

அக்டோபர் 13

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 21

பார்சலைப் பற்றி மறுபடி கேட்டாள். வெளிநாட்டுப் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கும், சில நேரம் மாதக்கணக்காகும் என்றேன். வாழ்நாள் முழுக்கத் தபால் துறையில் இருந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வாள். "உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

குப்புராஜ் கேட்டுக்கு வரும் முன்பே நான் தெருவுக்குப் போய்த் தபாலை வாங்கிக்கொள்கிறேன். நடந்தால் முழங்காலுக்கு நல்லது.

நவம்பர் 6

பிரேக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினைப் பார்த்துவிடலாம் என்றாள். பாட்டரியைச் சார்ஜ் பண்ணி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடிக்கும். பெட்ரோல் நிறைந்ததும் தானே நின்றுவிடும். அது நின்ற பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இன்று அந்தச் சத்தம் கேட்டதும் சலோமிக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்றாள். இன்ஜின் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

இந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் இல்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பாள். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், கேலி பண்ணியிருக்கிறேன். இன்று குழாயை நான் பிடித்துக்கொண்டேன், அவள் காதைக் கொடுத்தாள். ஸ்க்ரூவைத் திருப்புவதும் நான்தான்.

"பின்னாடி இருக்கறது நீங்க. சும்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். கொஞ்சம் கொறைங்க."

"முன்னாடி இருக்கறது?"

"அது நான். அமைதியா வேலை பாக்குது."

கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு கட்டத்தில் "போதும், கை எடுங்க" என்றாள். சத்தம் ஒன்றாகிவிட்டது. எனக்கே தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் நல்ல நாள். அரிசி டிரம் ஞாபகம் வந்தது. ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாகக் கோதுமை தோசை ஊற்றினேன்.

நவம்பர் 15

சலோமியின் இடது காலில் செருப்பு தங்குவதில்லை. நடக்கும்போது கழன்று பின்னால் நின்றுவிடுகிறது. ஷெட் தரை வழுக்குகிறது, எண்ணெய்க் கறை. வார் வைத்த செருப்பு வாங்கி வந்தேன். அதை மாட்டிவிட்டேன்.

நவம்பர் 24

குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். அடி பெரிதில்லை. இடது பாதம் தூக்க வரவில்லை என்றாள். எண்ணெய் இல்லாத தரைதான்.

இன்று பார்சலைப் பற்றி அவள் கேட்கவில்லை.

நவம்பர் 25

இன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது அரிசி டிரம் பக்கமே போய்ப் போய் நிற்கிறேன்.

நவம்பர் 26

அரிசிக்குள் கைவிட்டுப் பார்சலை எடுத்தேன். துணியால் துடைத்து அவளிடம் கொண்டுபோனேன்.

"இன்னைக்கு வந்துச்சா?"

"ம்."

மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பிரிக்கச் சொன்னாள். பிரிக்கும் முன், "ஒரு நிமிஷம், குடுங்க" என்று வாங்கி மேலுறையைத் திருப்பிப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் ஊர் முத்திரை. தேதி, மாதம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மேலுறையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் ரப்பரை மட்டும் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் பெயர் எழுதிய பார்சலை நான் எப்படிப் பிரிப்பேன்? அது மட்டும் எனக்கு வராது.

"முத்திரை நல்லா விழுந்திருக்குங்க" என்றாள். "உங்க காலத்துல இவ்வளவு தெளிவா விழாது."

ரப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் முடியில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. பார்சலிலிருந்து வந்திருக்க வேண்டும். எடுத்துவிட்டேன். என் விரலில் இருந்த அரிசியை அவள் பார்த்தாள்.

டிசம்பர் 5

ரப்பரெல்லாம் மாட்டியாயிற்று. இன்று பிரேக்கில் ஏர் எடுத்தோம். பைப்பில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். இருவர் வேலை. அவளைத் தூக்கி வலது பக்கம் உட்கார வைத்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் இடத்தில்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

நான்கு சக்கரமும் முடிந்தது. வலது கால் பரவாயில்லை, நடுங்கினாலும் அழுத்தியது. பெடல் கல் மாதிரி நின்றது. "பிரேக் வந்துருச்சுங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். நான் அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இடது காலைக் கிளட்ச் மேல் வைத்திருந்தாள். அழுத்துகிறாள், பெடல் அசையவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். கைகளிலும் பலமில்லை. மறுபடி. மறுபடி.

"இன்னைக்கு அசதி. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

"நாளைக்கா?" என்றாள்.

டிசம்பர் 6

அழுத்த முடியவில்லை.

டிசம்பர் 11

என்னைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க ஏன் சாப்பிடல?" சோறு இறங்கவில்லை என்றேன். "எந்த அரிசிச் சோறு?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 27

பியூலா கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறாள். நேற்று சாப்பாட்டு மேசையில் சலோமி ஒரு யோசனை சொன்னாள். சொன்ன விதத்தைப் பார்த்தால் பல நாள் யோசித்திருப்பாள் போல.

"சர்ச்சிலேர்ந்து நம்ம வீடு வரைக்கும் எறக்கம்தான. எறக்கத்துல கிளட்ச் எதுக்கு? பியூலா மேல ஏத்திக் குடுக்கட்டும். நியூட்ரல்ல விட்டா வண்டி தானா வரும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் மட்டும் நான் பாத்துக்கறேன்."

பியூலா என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லச் சொல்கிற பார்வை. நான் சரி என்றேன். "நான் பக்கத்துல உக்காந்து ஹேண்ட் பிரேக்கப் பிடிச்சுக்கறேன். நடுவுலதான இருக்கு, எனக்கு எட்டும்."

இன்று காலை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு போனோம். பனி விலகி நல்ல வெயில். பியூலாவும் நானும் அவளை வலது பக்கம் உட்கார வைத்தோம். விரல்களை ஸ்டியரிங்கைச் சுற்றி மடித்து வைத்தேன். இன்ஜினை நிறுத்திவிடலாமா என்று பியூலா கேட்டாள். "ஓடட்டும். சத்தம் இல்லாம என்ன வண்டி?" என்றாள் சலோமி.

ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி உருண்டது.

நடந்தால் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாகத்தான். ஆனால் சலோமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காற்றில் முடி பறந்தது. பள்ளத்தைத் தவிர்த்து ஓரம் கட்டினாள், சரியாக. கோயில் தெருப் பையன்கள் கை காட்டினார்கள், தலையை ஆட்டினாள். முதல் வளைவில் நன்றாகத் திருப்பினாள். இரண்டாவது வளைவில் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து நழுவின. இரண்டும் ஒன்றாக, மடியில் விழுந்தன. கால் பிரேக்கில்தான் இருந்தது, அழுத்தினாள். நானும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரு காபித் தோட்டத்து வேலியை ஒட்டி வண்டி நின்றது. நல்ல பிரேக். நாங்கள் மாட்டிய ரப்பர்.

பியூலா மேலேயிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சலோமி பேசிவிட்டாள். முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்டோபர்ல இந்தக் கால் நல்லாத்தான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப குடுத்திருந்தா லேடீஸ் சீட் வரைக்கும் போயிருப்பேன்."

"போயிருப்ப."

"வளைவுல விழுந்துருவேன்னு பயமா?"

பியூலாவின் பயம் அதுதான். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தில் பொய் வரவில்லை. "அது இல்ல சலோமி. ஒரு தடவ ஓட்டணும்னு சொல்லித்தான் நீ தெம்பா இருந்த. ஓட்டி முடிச்சுட்டா, அவ்வளவுதான்னு நீ உசுர விட்டுருவியோன்னு நெனச்சேன். வண்டி ரெடியாகாத வரைக்கும் நீ இருப்பேன்னு..."

"வண்டி ரெடியாகல. கால் நின்னுச்சா?"

ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இது ஆறாதுங்க. மன்னிச்சுட்டேன்னு சும்மா வாய்க்கு வந்தது சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, "மூக்குல ஈ உக்காந்திருக்கு, வெரட்டுங்க" என்றாள். விரட்டினேன். அதற்குள் பியூலா மூச்சிரைக்க வந்துவிட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பின் சக்கரம் லேசா இழுக்குது. பைப் பழசு. மாத்தணும்" என்றாள் சலோமி.

ஜனவரி 4

பியூலா ஊருக்குப் போகும் முன் அவளை உட்கார வைத்து, பின் பிரேக் பைப்புக்கு ஆர்டர் போட வைத்தாள் சலோமி. யார் பெயருக்கு என்று பியூலா கேட்டாள். "என் பேருக்குத்தான். வேற யாரு பேருக்கு?"

ஜனவரி 19

கஞ்சிதான் இறங்குகிறது. பேச்சு குழறுகிறது. எனக்குப் புரிகிறது, மற்றவர்களுக்குப் புரிவதில்லை.

ஜனவரி 28

தலை வாரிவிடும்போது கேட்டேன், "இன்னும் கோவமா?"

"ம்" என்றாள். ஆனால் தலையை நகர்த்தவில்லை. முழுதும் வாரிப் பின்னிவிட்டேன்.

பிப்ரவரி 9

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள். சாயங்காலம் ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பினேன். பம்ப் சத்தம் அவள் படுக்கைக்குக் கேட்கும். கேட்டதா என்று வந்து பார்த்தேன். கண் திறந்திருந்தாள்.

பிப்ரவரி 12

சலோமி போய்விட்டாள்.

பிப்ரவரி 15

எல்லோரும் வந்து போனார்கள். குப்புராஜும் வந்தான். பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தான்.

மார்ச் 2

பியூலா வண்டியை என்ன செய்யலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். வாரம் ஒருமுறை பாட்டரியைச் சார்ஜ் பண்ணுகிறேன். துடைக்கிறேன். வலது பக்கக் கதவை நான் திறப்பதில்லை.

மார்ச் 14

குப்புராஜ் வந்தான். இப்போது நான் தெருவுக்குப் போய் நிற்பதில்லை, அவன்தான் வாசல் வரை வருகிறான். கையில் ஒரு நீளமான பார்சல். கேட்டுக்குள் வந்தும் கொடுக்காமல் நின்றான்.

"அம்மா பேருக்கு வந்திருக்குங்க சார். ரூல்படி இல்லாதவங்களுக்கு வந்தா திருப்பித்தான் அனுப்பணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். எனக்கு மனசு வரல."

"கையெழுத்துப் போடறேன். குடு."

"இன்னொண்ணு சார்." தலையைக் குனிந்துகொண்டான். "முந்தாநேத்தே வந்துருச்சு. எம்பொண்ணுக்குக் காய்ச்சல், நான் லீவு. பீரோலயே கெடந்திருக்கு. ரெண்டு நாள் லேட்டு. நீங்க சீட்ல இருந்திருந்தா இந்நேரம் மெமோ குடுத்திருப்பீங்க."

அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே. "பொண்ணுக்கு இப்பத் தேவலையா?" என்று மட்டும் கேட்டேன். தேவலை என்றான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னைத் திருடன் என்றேனே, அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று சொல்ல நினைத்தேன். அவன் சைக்கிள் அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

சமையலறைக்குப் போகவில்லை. நேரே ஷெட்டுக்குப் போனேன். வலது பக்கக் கதவைத் திறந்து, பிரிக்காமலே, பெயர் மேலே தெரியும்படி அவள் இருக்கையில் வைத்தேன். கைக்கு வந்த அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.